‘டேங்கி’: யாரைச் சொல்லலாம், யாரைச் சொல்லக் கூடாது

இணையத்தில் அரசியல் பேசுகிறவர்கள் ‘டேங்கி’ (tankie) என்று ஒருவரை ஒருவர் திட்டிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். கம்யூனிச ஆட்சிகளின் அடக்குமுறையை நியாயப்படுத்துபவர் என்று அதற்குப் பொருள். ஆனால் கொஞ்சம் இடதுசாரியாகத் தெரிந்தாலே போதும், அந்தப் பட்டம் வந்து விழுகிறது. பெரிய தவறு இதுதான். அந்தப் பெயரை வைத்தவர்களே இடதுசாரிகள்தான்.

1956 நவம்பர் 4 அன்று சோவியத் டாங்கிகள் ஹங்கேரித் தலைநகர் புடாபெஸ்டுக்குள் புகுந்து, சோவியத் ஆதிக்கத்துக்கு எதிரான ஹங்கேரிய எழுச்சியை நசுக்கின. சுமார் 2,500 ஹங்கேரியர்கள் இறந்தார்கள். ஏறத்தாழ 2 லட்சம் பேர் நாட்டைவிட்டு வெளியேறினார்கள். தொழிலாளர் அரசு என்று சொல்லிக்கொண்ட நாட்டின் டாங்கிகளை எதிர்த்து நின்றவர்களில் ஆலைத் தொழிலாளர்களும் ஏராளம். பிரிட்டன் கம்யூனிஸ்ட் கட்சியின் பத்திரிகையான டெய்லி வொர்க்கருக்கு அங்கே நிருபராக இருந்த பீட்டர் ஃபிரையர், கண்ணால் கண்டதை எழுதி அனுப்பினார். பத்திரிகை அதை அமுக்கியது. அவர் வேலையை விட்டார், கட்சி அவரை நீக்கியது. ஆயிரக்கணக்கான உறுப்பினர்களும் விலகினார்கள். அவர்களில் பலர் அதற்குப் பிறகும் இடதுசாரிகளாகவே இருந்தார்கள். அவர்களையும், டாங்கி போனது சரிதான் என்றவர்களையும் ஒரே பெயரில் அழைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

1968 ஆகஸ்டில் சோவியத் டாங்கிகள் செக்கோஸ்லோவாக்கியத் தலைநகர் பிராகுக்குப் போனபோது பிரிட்டன் கட்சித் தலைமையே அதைக் கண்டித்தது. அப்போதும் மாஸ்கோ பக்கம் நின்ற ஒரு பிரிவு கட்சிக்குள் இருந்தது. இப்படிப்பட்டவர்களுக்குச் சக தோழர்கள் வைத்த கேலிப்பெயர்தான் டேங்கி.

1989-இல் பெய்ஜிங்கில் போராடியவர்களை ஒடுக்க வந்த தியானன்மென் சதுக்கத்து டாங்கிகளிலிருந்து இது வந்தது என்று சிலர் எழுதுகிறார்கள். அந்தப் படுகொலையை நியாயப்படுத்துபவரையும் இன்று இப்படி அழைக்கிறார்கள் என்பது சரி, ஆனால் சொல் அதற்கு முந்தியது.

சிலி நாட்டை ஆண்ட பினோசே மாதிரி வலதுசாரி சர்வாதிகாரிகளின் ஆதரவாளர்களுக்கு இது பொருந்தாது. அமெரிக்காவின் போர்களை எதிர்ப்பதாலும் ஒருவர் டேங்கி ஆகிவிட மாட்டார். அமெரிக்காவை எதிர்க்கிறேன் என்று சொல்லிக்கொண்டே, மாஸ்கோவோ பெய்ஜிங்கோ மக்களைச் சுட்டதற்குச் சமாதானம் சொன்னால், அப்போது அந்தப் பெயர் பொருந்தும்.

அப்புறம், தமிழில் எழுதும்போது ஒரு சிக்கல். நமக்கு ‘டாங்கி’ என்றால் போர் வண்டி. ஆளைச் சொல்ல ‘டேங்கி’ என்று எழுதி, முதல் முறை வரும் இடத்திலேயே பொருளையும் சொல்லிவிடுங்கள்.