பழைய லேப்டாப்பில் வீட்டு சர்வர்: இம்மிச் போட்டோ சேமிப்பு, படிப்படியாக

வீட்டு சர்வர் அமைக்கலாம் என்று முடிவெடுத்ததும் பலர் முதலில் தேடுவது என்ன வாங்கலாம் என்பதைத்தான். எதுவும் வாங்காமலே தொடங்கலாம். ஓடக்கூடிய ஒரு பழைய லேப்டாப், ஒரு லேன் கேபிள், ஒரு வெளி ஹார்ட் டிஸ்க் போதும். லினக்ஸ், நெட்வொர்க், டாக்கர் (மென்பொருள்களைத் தனித்தனிப் பெட்டிகளாக ஓட்டும் கருவி) மூன்றையும் ஒரே இடத்தில் கற்றுக்கொள்ளலாம். ஆனால் அந்த மெஷினில் வீட்டார் தினமும் பயன்படுத்தும் ஏதாவது ஒன்று ஓட வேண்டும். இல்லையென்றால் ஒரு மாதத்தில் அது அலமாரிக்குப் போய்விடும்.

அதனால் பத்து சேவைகளை அடுக்காமல் ஒன்றையே முழுதாகச் செய்யப்போகிறோம்: இம்மிச் என்ற போட்டோ சேமிப்பு மென்பொருள். வீட்டில் உள்ளவர்களின் போன் போட்டோக்களும் வீடியோக்களும் தானாக நம் டிஸ்க்குக்கு வந்து சேரும். வெளியூரில் இருந்தும் பார்க்கலாம். பென்டிரைவில் ஐஎஸ்ஓ ஏற்றி பூட் செய்வதும், எஸ்எஸ்எச் வழியாக உள்ளே போவதும் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

1. மெஷின்

64 பிட் புராசஸர், 8 ஜிபி ராம், உள்ளே ஒரு எஸ்எஸ்டி. 4 ஜிபிதான் இருக்கிறது என்றால் முகங்களை அடையாளம் காணும் பகுதியை நிறுத்திவிட்டு ஓட்டிப் பார்க்கலாம். ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினி கற்றுக்கொள்ள அருமையான பொருள்தான். ஆனால் எஸ்டி கார்டில் டேட்டாபேஸ் ஓயாமல் எழுதிக்கொண்டிருந்தால் கார்டு சீக்கிரம் தேய்ந்துவிடும்.

டெஸ்க்டாப்பை விட லேப்டாப்பை நான் விரும்பக் காரணம் கரண்ட். சும்மா இருக்கும்போது 15 வாட் எடுக்கும் லேப்டாப் இரண்டு மாதத்துக்குச் சுமார் 22 யூனிட் இழுக்கும். 60 வாட் எடுக்கும் பழைய டெஸ்க்டாப் என்றால் 86 யூனிட். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்குக் கிடைக்கும் இலவச 100 யூனிட்டில் பெரும்பகுதியை அது ஒன்றே எடுத்துக்கொள்ளும். லேப்டாப் பேட்டரி சின்ன யுபிஎஸ் மாதிரியும் உதவும். ஆனால் டச்பேட் மேலே எழும்பியிருந்தாலோ, மேஜையில் வைத்தால் அடிப்பாகம் ஆடினாலோ பேட்டரி உப்பியிருக்கிறது என்று பொருள். அதைக் கழற்றாமல் 24 மணி நேரமும் ஓட்டவே கூடாது. நல்ல பேட்டரியாக இருந்தால் பயாஸில் சார்ஜ் வரம்பை 80 சதவீதத்தில் நிறுத்தும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள்.

2. டெபியன்

லினக்ஸ் வகைகளில் உபுண்டுவும் நல்லதுதான், என் தேர்வு டெபியன். நிறுவும்போது கவனிக்க வேண்டியவை இரண்டு. ரூட் பாஸ்வேர்டு கேட்கும் இடத்தைக் காலியாக விடுங்கள். அப்போதுதான் நீங்கள் உருவாக்கும் முதல் பயனருக்கு சூடோ உரிமை, அதாவது நிர்வாகி உரிமை, தானாகக் கிடைக்கும். ரூட்டுக்குப் பாஸ்வேர்டு கொடுத்துவிட்டால் உங்கள் பெயர் சூடோ பட்டியலில் இல்லை என்ற செய்தியைப் பார்த்துத் திகைப்பீர்கள். அடுத்து, மென்பொருள் தேர்வுத் திரையில் டெஸ்க்டாப் டிக்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்எச் சர்வரை டிக் செய்யுங்கள்.

லேப்டாப்பை மூடினால் தூங்கிவிடும். இடிசி ஃபோல்டருக்குள் சிஸ்டம்டி ஃபோல்டரில் இருக்கும் லாகின்டி கோப்பைத் திறந்து, ஹேண்டில் லிட் ஸ்விட்ச் வரியின் முன்னால் உள்ள ஹேஷை நீக்கி, மதிப்பை இக்னோர் என்று மாற்றுங்கள். மெஷினை ரீபூட் செய்து, மூடி வைத்து, வேறு கணினியிலிருந்து உள்ளே போக முடிகிறதா என்று பாருங்கள்.

அப்புறம் ரூட்டரில் இந்த மெஷினுக்கு நிரந்தர முகவரி ஒதுக்குங்கள், 192.168.1.50 போல. லேப்டாப்பில் வைஃபைக்கு ஒரு மேக் முகவரி (நெட்வொர்க் கருவியின் அடையாள எண்), லேன் போர்ட்டுக்கு வேறொன்று. ஒதுக்க வேண்டியது லேன் போர்ட்டுக்கு.

3. டிஸ்க்கை இணைப்பது

வெளி டிஸ்க்கை இஎக்ஸ்டி4 ஆக ஃபார்மட் செய்து, பூட் ஆகும்போது இணைக்க வேண்டிய டிஸ்க்குகளைப் பட்டியலிடும் எஃப்எஸ்டேப் கோப்பில், யுயுஐடி என்ற மாறாத அடையாள எண்ணைக் கொண்டு சேருங்கள். எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயர்களை நம்பக் கூடாது, ரீபூட்டில் மாறிவிடும். நோஃபெயில் என்ற ஆப்ஷனையும் சேருங்கள். அது இல்லாமல் டிஸ்க் கழன்றிருந்தால் மெஷின் எமர்ஜென்சி நிலையில் நின்றுவிடும். திரையில்லாத மூலையில் இருக்கும் லேப்டாப்பை அங்கிருந்து மீட்பது பெரிய வேலை.

நோஃபெயிலுக்கும் ஒரு பக்கவிளைவு உண்டு. டிஸ்க் இணையாமலே மெஷின் எழுந்துவிட்டால், அந்த இடத்தில் வெறும் காலி ஃபோல்டர்தான் இருக்கும். டாக்கர் அதைப் பற்றிக் கவலைப்படாமல் அதிலேயே எழுதத் தொடங்கும், உள் எஸ்எஸ்டி நிரம்பிவிடும். இதைத் தடுக்க, டிஸ்க்கை இணைக்கும் முன் அந்தக் காலி ஃபோல்டருக்குச் சேஞ்ச் ஆட்டர் (chattr) கட்டளையால் மாற்ற முடியாத குறியைப் போட்டுவிடுங்கள். டிஸ்க் இருந்தால் வழக்கம்போல எழுதும். இல்லாவிட்டால் எதுவுமே எழுத முடியாது.

4. டாக்கரும் இம்மிச்சும்

டாக்கரை அதன் அதிகாரப்பூர்வக் களஞ்சியத்திலிருந்தே நிறுவுங்கள். இம்மிச் தளத்தில் இரண்டு கோப்புகள் கிடைக்கும்: எவையெல்லாம் ஓட வேண்டும் என்று டாக்கருக்குச் சொல்லும் கம்போஸ் கோப்பும், நம் அமைப்புகளை எழுதும் என்வ் கோப்பும். அவை வெர்ஷனுக்கு வெர்ஷன் மாறும் என்பதால் எந்தப் பதிவிலிருந்தும் நகலெடுக்காதீர்கள், இந்தப் பதிவு உட்பட. என்வ் கோப்பில் மாற்ற வேண்டியவை கொஞ்சம்தான். போட்டோக்கள் சேரும் இடம் வெளி டிஸ்க்கில் இருக்கட்டும். டேட்டாபேஸ் இருக்கும் இடம் கட்டாயம் உள் எஸ்எஸ்டியில். டேட்டாபேஸ் பாஸ்வேர்டில் எழுத்தும் எண்ணும் மட்டும் வையுங்கள், சிறப்புக் குறிகள் வேண்டாம்.

கம்போஸை ஓட்டியபின், பிரவுசரில் சர்வர் முகவரியோடு 2283 என்ற போர்ட்டைச் சேர்த்துத் திறந்தால் முதல் கணக்கை உருவாக்கச் சொல்லும். போனில் ஆப்பை நிறுவி ஆல்பங்களைத் தேர்ந்தெடுங்கள். ஆண்ட்ராய்டில் அந்த ஆப்புக்குப் பேட்டரி ஆப்டிமைசேஷனை அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் பின்னணியில் அப்லோட் நின்று நின்று போகும்.

5. வெளியிலிருந்து எப்படிப் பார்ப்பது?

என்னை அதிக நேரம் திணறவைத்த இடம் இதுதான். ரூட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து வரும் இணைப்பைச் சர்வருக்குத் திருப்பிவிடுவது) செய்தால் போதும் என்றே எல்லா வழிகாட்டிகளும் சொல்லும். நம் ஊரில் பல ஃபைபர் இணைப்புகளில் அது வேலை செய்யாது. செட்டிங்கில் எதை மாற்றினாலும் வேலை செய்யாது, ஏனென்றால் கோளாறு நம் வீட்டுக்குள் இல்லை.

ரூட்டருக்குள் போய் வான் முகவரி, அதாவது இணைய நிறுவனம் ரூட்டருக்குக் கொடுத்த முகவரி, என்ன என்று பாருங்கள். அப்புறம் பிரவுசரில் உங்கள் பொது ஐபி என்ன என்று தேடிப் பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. வான் முகவரி 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் தொடங்கினால் நீங்கள் சிஜிநாட்டுக்கு, அதாவது நிறுவனமே நடத்தும் முகவரிப் பகிர்வுக்கு, பின்னால் இருக்கிறீர்கள். ஐபிவி4 முகவரிகள் தீர்ந்துபோய்விட்டன. ஆசிய பசிபிக் பகுதிக்கான கையிருப்பு 2011 ஏப்ரலிலேயே கடைசிக் கட்டத்துக்கு வந்துவிட்டது. 2012இல் இந்த 100.64 வரிசையை இணைய நிறுவனங்களின் உள்பயன்பாட்டுக்கென்றே ஒதுக்கினார்கள். அடுக்குமாடிக் குடியிருப்புக்கு ஒரே வாசல் எண் இருப்பதுபோல, பல வீடுகள் ஒரு பொது முகவரியைப் பகிர்ந்துகொள்கின்றன. வெளியிலிருந்து வரும் அழைப்பு எந்த வீட்டுக்கு என்று நிறுவனத்தின் கருவிக்குத் தெரியாது. அதனால் மாறும் ஐபியை ஒரு பெயரோடு இணைக்கும் டைனமிக் டிஎன்எஸ் போட்டும் பயனில்லை.

மாதாமாதம் பணம் கட்டி நிலையான ஐபி வாங்கலாம். ஆனால் தொடங்கும் நிலையில் ஒரு போர்ட்டை உலகத்துக்கே திறந்துவைப்பதை நான் பரிந்துரைக்கவே மாட்டேன். நம் குழந்தைகளின் போட்டோ இருக்கும் மெஷின் அது. கிளவுட்ஃப்ளேர் நிறுவனத்தின் சர்வர் வழியாக இணைக்கும் கிளவுட்ஃப்ளேர் டனல் சிஜிநாட்டைத் தாண்டும். ஆனால் இலவசத் திட்டத்தில் ஒரு அப்லோட் 100 எம்பியைத் தாண்ட முடியாது, நீளமான வீடியோக்கள் போகாது.

என் தேர்வு, நம் கருவிகளை மட்டும் ஒரு தனி நெட்வொர்க்கில் இணைக்கும் டெயில்ஸ்கேல். சர்வரும் போனும் இரண்டுமே உள்ளிருந்து வெளியே அழைத்துச் சந்தித்துக்கொள்கின்றன, அதனால் சிஜிநாட் தடையாக இருப்பதில்லை. உள்ளே ஓடுவது வயர்கார்டு என்ற விபிஎன் முறை, எல்லாம் என்கிரிப்ட் ஆகித்தான் போகும். தனிநபருக்கு இலவசத் திட்டம் உண்டு. சர்வரில் நிறுவுங்கள், போனில் நிறுவுங்கள், ஒரே கணக்கில் நுழையுங்கள். சர்வருக்கு ஒரு புதிய முகவரி கிடைக்கும். அதுவும் 100இல் தொடங்கும், ஏனென்றால் டெயில்ஸ்கேலும் அதே வரிசையைத்தான் பயன்படுத்துகிறது. வான் முகவரியோடு இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். இம்மிச் ஆப்பில் இந்த முகவரியையும் 2283ஐயும் கொடுங்கள். வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவில் திறந்து பாருங்கள்.

இன்னொன்று. யுஎஃப்டபிள்யு ஃபயர்வால் போட்டிருக்கிறேன், அதனால் பாதுகாப்பு என்று நினைத்துவிட வேண்டாம். டாக்கர் திறக்கும் போர்ட்டுகள் அதைச் சுற்றிக்கொண்டு போய்விடும்.

6. பேக்கப்

போட்டோ வீட்டு மெஷினில் இருக்கிறது என்பதாலேயே பத்திரமாக இருக்கிறது என்று ஆகாது. போனில் அழிக்கும் முன் இன்னொரு டிஸ்க்கில் நகல் வேண்டும், அந்த டிஸ்க் வேறு வீட்டில் இருந்தால் இன்னும் நல்லது. நான் ரெஸ்டிக் என்ற பேக்கப் மென்பொருளைப் பயன்படுத்துகிறேன். போட்டோ ஃபோல்டரை மட்டும் எடுத்தால் ஆல்பங்களும் முகங்களின் பெயர்களும் வராது, அவை டேட்டாபேஸில் இருக்கின்றன. இம்மிச் தினமும் டேட்டாபேஸ் நகல் ஒன்றைப் போட்டோ இடத்திலேயே பேக்கப்ஸ் என்ற ஃபோல்டரில் போடும். அதுவும் சேர்ந்து போகிறதா என்று பாருங்கள். பத்துப் போட்டோவையாவது நகலிலிருந்து திரும்ப எடுத்துப் பார்த்தபிறகே அதை நம்புங்கள்.

புதிய வெர்ஷன் வந்தால் தானாக அப்டேட் ஆகும்படி வைக்காதீர்கள். வெளியீட்டுக் குறிப்பைப் படித்து, பேக்கப் எடுத்து, கையால் செய்யுங்கள்.

பின்சேர்க்கை

நன்றாக ஓடிய சர்வர் சில மாதம் கழித்து வெளியிலிருந்து திடீரென்று தெரியவில்லை என்று ஒருவர் எழுதியிருந்தார். டெயில்ஸ்கேல் ஒவ்வொரு கருவிக்கும் கொடுக்கும் சாவி இயல்பாக 180 நாளில் காலாவதியாகும். அட்மின் பக்கத்தில் சர்வருக்கு மட்டும் கீ எக்ஸ்பைரியை அணைத்துவிடுங்கள். போன்களுக்கு அப்படியே இருக்கட்டும்.

கரண்ட் போனால் லேப்டாப் ஓடும், ரூட்டர் நின்றுவிடும் என்பது அடுத்த கேள்வி. 12 வோல்ட் ரூட்டர் யுபிஎஸ் கடைகளில் கிடைக்கிறது. ஃபைபர் பெட்டியும் ரூட்டரும் தனித்தனியாக இருந்தால் இரண்டுக்கும் சேர்த்து வாங்குங்கள்.

அடுத்து, வீட்டின் டிஎன்எஸ் சர்வராக இருந்து விளம்பரங்களைத் தடுக்கும் பை-ஹோல் போடலாமா என்று பலர் கேட்கிறார்கள். தாராளமாகப் போடலாம், ஆனால் சர்வர் நின்றால் வீட்டில் எல்லாருடைய இன்டர்நெட்டும் நின்றதுபோல ஆகிவிடும். ஆகவே இம்மிச் சிக்கலின்றி ஒரு மாதம் ஓடிய பிறகு தொடங்குங்கள். அப்படிப் போட்டும் விளம்பரம் வருகிறது என்றால், ரூட்டர் ஐபிவி6 வழியாக இணைய நிறுவனத்தின் டிஎன்எஸ் முகவரியைத் தனியாகக் கொடுத்துக்கொண்டிருக்கலாம். அங்கேயும் பை-ஹோல் முகவரியையே கொடுக்க வேண்டும்.