ஸ்கேலப் சிப்பியைச் சுத்தம் செய்து பத்திரப்படுத்துவது எப்படி?

ராமேஸ்வரம், கன்னியாகுமரி போய்வந்த சேலத்து வீடுகளில் ஷோகேஸுக்குள் நாலு சிப்பியாவது இருக்கும். அதில் விசிறி போல வரிவரியாக விரிந்திருப்பது ஸ்கேலப்பாக இருக்கலாம். கொஞ்சம் கவனம் இருந்தால் அது பேரப்பிள்ளைகள் காலம்வரை கெடாது.

முதலில், அது ஸ்கேலப்தானா என்று பாருங்கள். வரி மட்டும் போதாது, மட்டிகளிலும் வரி உண்டு. ஓடுகள் சேரும் முனையில் இரண்டு பக்கமும் முக்கோணக் காதுகள் நீண்டிருக்க வேண்டும். அப்புறம் உள்பக்கத்தைத் தடவுங்கள். ஒரே ஒரு பெரிய வட்டத் தடம் தெரியும். இரண்டு ஓடுகளையும் மூடும் தசை ஒட்டியிருந்த இடம் அது. மட்டியில் இரண்டு தடம் இருக்கும். இந்த ஒற்றைத் தசையால்தான் ஓடுகளைப் படபடவென அடித்து, தண்ணீரைப் பீய்ச்சி, ஸ்கேலப் நீந்துகிறது. சிப்பிகளில் இப்படி நீந்துபவை மிகக் குறைவு.

அடுத்து, ஒரு நாள் ஊறவையுங்கள். உப்பான போர் தண்ணீர் காய்ந்தால் வெள்ளைத் திட்டு விழும். மேட்டூர் தண்ணீர் வரும் நாளில் பிடித்து வைத்ததே நல்லது. பழைய டூத் பிரஷ்ஷில் சோப்பு தொட்டு, வரியின் போக்கிலேயே தேயுங்கள். காது மடிப்பில்தான் மணல் ஒளிந்திருக்கும். அலசி நிழலில் உலர்த்துங்கள், வெயிலில் நிறம் வெளுத்துவிடும்.

எலுமிச்சை, வினிகர், பாத்ரூம் ஆசிட் எதையும் சிப்பியின் பக்கம் கொண்டுபோக வேண்டாம். ஓடு கால்சியம் கார்பனேட், அமிலம் பட்டால் கரையும். சந்தேகமிருந்தால் உடைந்த சில்லு ஒன்றில் எலுமிச்சைச் சாறு விட்டுப் பாருங்கள், பொடிப்பொடியாக நுரை கிளம்பும். நம் சேலம் வெள்ளக்கல்பட்டிப் பக்கத்து வெள்ளைக்கல் மேக்னசைட், அதாவது மெக்னீசியம் கார்பனேட். அதன் சுத்தமான கட்டியில் அதே சாற்றை விட்டால் அப்படி நுரைக்காது. பிள்ளைகளுக்கு இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டலாம்.

கடைசியாக, வைக்கும் இடம். ஏற்காட்டில் வீடு இருப்பவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். ஈரக்காற்றில் மர அலமாரியும் அட்டைப்பெட்டியும் மெல்லிய அமில ஆவி விடும். மூடிய இடத்தில் அது தங்கி, ஓட்டின் மேல் வெள்ளை மாவாகப் பூக்கும். துவைத்த பருத்தித் துணியில் சுற்றி, கண்ணாடி ஜாடியில் வையுங்கள். மழைக்காலம் முடிந்ததும் திறந்து பாருங்கள். மாவு தெரிந்தால் நல்ல தண்ணீரில் அலசி, நன்றாக உலர்த்தி, துணியை மாற்றிவிடுங்கள்.