கத்திரியில் கிரிக்கெட் மேட்ச்: போகலாமா, வேண்டாமா?

சித்தப்பா பையன் அமெரிக்காவில், மின்னசோட்டாவில் இருக்கிறான். பனியிலும் டிஸ்க் கோல்ஃப் (தட்டை எறிந்து கூடையில் போடும் ஆட்டம்) ஆடப் போகிறவன், ஆனால் கிளம்பும் முன் டிகிரியைவிடக் காற்றைத்தான் பார்ப்பான். காற்றும் சேர்ந்து குளிர் மைனஸ் 28 போல உறைத்தால், மூடாத தோல் அரை மணி நேரத்தில் உறைந்துவிடுமாம், அன்றைக்கு ஆட்டம் கிடையாது. நமக்கு வேலூரில் பனி எங்கே, மே 4 ஆனால் கத்திரிதான். ஏமாறும் இடம் மட்டும் ஒன்றே: போனில் தெரியும் டிகிரி.

41 காட்டினாலும் காற்று உலர்ந்திருந்தால் வியர்வை காய்ந்து உடம்பைக் கொஞ்சமாவது குளிர்விக்கும். 37தான், ஆனால் முந்தின நாள் ஒரு மழை அடித்துவிட்டு புழுங்குகிறது என்றால் வியர்வை வழியுமே தவிர காயாது, ஆளைச் சாய்ப்பது அதுதான். ராத்திரி ஃபேனுக்குக் கீழே படுத்தும் தலையணை நனைந்துபோய்த் தூக்கமே வரவில்லையா? காலையில் மேட்ச் வேண்டாம்.

சரி, போவது என்று முடிவானால் ஐந்தே முக்காலுக்கு டாஸ், எட்டரைக்குள் மூட்டை கட்டிவிட வேண்டும். பாலாற்று மணலில் ஆடுகிறவர்கள் இன்னும் முன்னாடியே. புறங்கையை மணலில் ஐந்து எண்ணும்வரை வைத்துப் பாருங்கள், வைக்க முடியாவிட்டால் ஃபீல்டிங்கில் விழுந்து பிடிக்கிறவனின் முழங்கை என்ன ஆகும்? சாயங்காலம் ஆடலாமே என்பார்கள். நம் ஊரைச் சுற்றி இருப்பதெல்லாம் பாறை மலை, ஐந்து மணிக்கும் அனல் விடும்.

அப்புறம் ஆட்களைப் பாருங்கள். காய்ச்சல், வயிற்றுப்போக்கு வந்து எழுந்தவன், முந்தின ராத்திரி குடித்தவன், இவர்கள் ஸ்கோர் எழுதட்டும். லீவுக்கு பெங்களூரிலிருந்து வந்தவனை ரெண்டு ஓவருக்கு மேல் போட விடாதீர்கள். வெயிலுக்கு உடம்பு பழக ஒன்றிரண்டு வாரம் ஆகும், அவனோ வந்த அன்றே எல்லோரையும்விட வேகமாகப் போடுவான்! கிளம்பும் முன் கேழ்வரகுக் கூழில் மோர் விட்டுக் குடித்தால் போதும். கிரவுண்டுக்கு ஓஆர்எஸ், ஒரு பெரிய பாக்கெட்டுக்கு சரியாக ஒரு லிட்டர் தண்ணீர், அளவைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். கலர் சோடா இதில் சேராது.

ஒரு வருஷம் பத்து மணி வெயிலில் கீப்பிங் நின்றேன். திடீரென்று கையெல்லாம் புல்லரித்தது, குளிர்கிற மாதிரி. நல்ல காற்று வருகிறது போல என்று நினைத்துக்கொண்டு இன்னும் ரெண்டு ஓவர் நின்ற முட்டாள் நான், மூன்றாவது ஓவரில் பந்து ரெண்டாகத் தெரிந்தது. புல்லரித்தாலோ, தலை சுற்றினாலோ, வாந்தி வந்தாலோ உடனே நிழலுக்குப் போய்விடுங்கள். பேச்சு குளறினால் அது வேறு கதை: 108-ஐக் கூப்பிட்டுவிட்டு, வண்டி வரும்வரை உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். நினைவு தப்பியவன் வாயில் எதையும் ஊற்றக்கூடாது.

மே மாதத்தில் சாயங்கால இடியும் உண்டு. சத்தம் கேட்டதும் கட்டடத்துக்குள்ளோ காருக்குள்ளோ போய்விடுங்கள், மரத்தடி ஆகாது. கடைசி இடி கேட்டு 30 நிமிஷம் ஆன பிறகுதான் வெளியே வரலாம். இரும்பு ஸ்டம்பைப் பிடுங்கி எடுத்துக்கொண்டு ஓட ஒருத்தன் எப்போதும் இருப்பான். அது அங்கேயே கிடக்கட்டும்.