விக்டோரியா காலத்து இரும்பு வளைவுப் பாலத்தின் வரலாற்றை நேரில் படித்தறியும் முறை

பாலத்தின் வரலாற்றைப் படிக்க விரும்புபவர் முதலில் ஆற்றங்கரைக்கு இறங்க வேண்டும்; மேலே ரயிலில் போகிறவரின் கண்ணுக்கு வளைவு தெரியாது. இங்கிலாந்தின் செவர்ன் ஆற்றில், ஆர்லிக்கும் பியூட்லிக்கும் இடையே உள்ள விக்டோரியா பாலம் இதற்கு மிகப் பொருத்தமானது. ஆர்லி ரயில் நிலையத்தில் இறங்கி, ஆறு ஓடும் திசையில் நடந்தால் அதை அடையலாம்.

வளைவின் உச்சியில் இரும்பிலேயே வார்க்கப்பட்டுள்ள எழுத்துகளை முதலில் படியுங்கள். 1861 என்ற ஆண்டும், பொறியாளர் ஜான் ஃபௌலரின் பெயரும் அங்கே உள்ளன. ஆனால் அந்த ஆண்டையே திறப்பு விழா ஆண்டாகக் குறித்துக்கொள்ளாதீர்கள். இந்தப் பாலத்தின் மேல் செல்லும் செவர்ன் பள்ளத்தாக்கு ரயில் பாதை திறக்கப்பட்டது 1862 பிப்ரவரி 1 அன்றுதான். கல்வெட்டு ஆனாலும் இரும்பெழுத்து ஆனாலும், அது எந்தச் செயலுக்குரிய ஆண்டு என்று கேட்ட பிறகே நம்புவது நல்லது.

அடுத்து, வளைவின் அடிப்பக்கத்தை இணைப்பு இணைப்பாகப் பாருங்கள். கரைக்குக் கரை 200 அடி தாவும் இவ்வளவு பெரிய வளைவை ஒரே வார்ப்பாக ஊற்ற முடியாது என்பதால், கோல்புரூக்டேல் வார்ப்படச் சாலை அதைத் துண்டு துண்டாக வார்த்தது. அருகருகே செல்லும் நான்கு வளைவு விலாக்களில் ஒவ்வொன்றும் ஒன்பது துண்டுகளை மரையாணியால் பூட்டி உருவானது.

வளைவு வடிவம் எதற்கு என்பதே இங்கு முக்கியமான கேள்வி. வார்ப்பிரும்பு அழுத்தத்தை நன்றாகத் தாங்கும். இழுத்தால் முன்னறிவிப்பின்றி முறியும். 1847 இல் செஸ்டர் நகரில் டீ ஆற்றின் மேலிருந்த ரயில் பாலத்தின் வார்ப்பிரும்பு உத்தரம் முறிந்து ஐந்து பேர் இறந்தனர். கிடையான உத்தரத்தின் அடிப்பகுதி இழுபடும். வளைவிலோ பாரம் பெரும்பாலும் அழுத்தமாகவே மாறிக் கரைத்தாங்கிகளுக்குப் போய்ச் சேரும்.

கண்ணில் படும் எல்லாமே பழையதன்று என்பதையும் மறக்க வேண்டாம்: தண்டவாளத்தைத் தாங்கும் மேல்தளம் 1979-80 இல் புதுப்பிக்கப்பட்டது.

கடைசியாக ஒப்பிட்டுப் பாருங்கள். இதே ஆற்றின் மேற்பகுதியில் பில்ட்வாஸ் அருகே, ஃபௌலர் இதே அளவில் அமைத்த ஆல்பர்ட் எட்வர்ட் பாலம் (1864) உள்ளது. அதற்குச் சற்றுக் கீழே, 1779 இல் எழுப்பப்பட்ட உலகின் முதல் பெரிய வார்ப்பிரும்புப் பாலம் நிற்கிறது. அதன் துண்டுகள் மரையாணியை நம்பாமல், தச்சர் மரத்தை இணைப்பதுபோலத் துளையும் கழுந்துமாகவும் ஆப்பு வைத்தும் பொருத்தப்பட்டுள்ளன.