கார் விபத்து இழப்பீடு இழுத்தடிக்கிறதா?

நாங்குநேரி நான்குவழிச் சாலையில் கார் அடிபட்டு, "பார்க்கிறோம், சொல்கிறோம்" என்றே காப்பீட்டு நிறுவனம் நாளைக் கடத்துகிறதா? போனில் கெஞ்சாதீர்கள். அவர்களுடைய குறைதீர் அதிகாரிக்கு எழுத்தில் புகார் கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லையென்றால் சென்னையிலுள்ள இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் (காப்பீட்டுப் புகார்களை விசாரித்துத் தீர்க்கும் அதிகாரி) போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம்.

காயம், உயிரிழப்பு என்றால் வழி வேறு: மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம். விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்ற சட்டப்பிரிவு 2022 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது, தள்ளிப்போடாதீர்கள். விபத்து மதுரைப் பக்கம் நடந்திருந்தாலும், குடியிருப்பது திருநெல்வேலி என்றால் இங்கேயே தாக்கல் செய்யலாம். வலியில் கிடப்பவரிடம் பங்கு பேசும் தரகர்கள் மருத்துவமனை வாசலிலேயே நிற்பார்கள், கொடுமை அது. அவர்கள் நீட்டும் வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடவே போடாதீர்கள்.