ஊர்ப் பேருக்குப் பொருள் தேடுவது எப்படி?

கடலூர் மஞ்சக்குப்பத்தில் முப்பது வருஷம் பத்திரம் எழுதினேன். ஆரம்பத்தில் ஒரு கிரயப் பத்திரத்தில், பேச்சு வழக்கில் வருகிற மாதிரி 'திருப்பாப்புலியூர்' என்று எழுதிவிட்டேன். பிழைத்திருத்தல் பத்திரம் என் செலவில். அன்றிலிருந்து ஊர்ப் பேர் என்றால் எழுத்தெழுத்தாகப் பார்ப்பேன்.

உங்கள் ஊர்ப் பேரைத் துலக்க வேண்டுமா? முதலில் தேய்ந்துபோன எழுத்தைத் திரும்ப வையுங்கள். பஸ்ஸில் 'திருப்பாப்புலியூர் எறங்கு' என்பார்கள். ரயில் நிலையப் பலகையில் திருப்பாதிரிப்புலியூர் என்று முழுசாக இருக்கும். தேய்ந்த பேரை வைத்துக்கொண்டு பொருள் தேடினால் 'பாப்பா', 'பாம்பு' என்று எங்கேயோ போய் நிற்பீர்கள்.

பிறகு பிரியுங்கள். திரு, பாதிரி, புலியூர். வழுக்குகிற இடம் இதுதான். 'பாதிரியார் இருந்த ஊரா சார்?' என்று ஒரு கல்லூரிப் பையன் கேட்டான். பக்கத்திலேயே தேவனாம்பட்டினத்தில் வெள்ளைக்காரன் கோட்டை; சந்தேகம் நியாயம்தான். ஆனால் அந்தப் பாதிரி போர்ச்சுக்கீசியரோடு வந்த சொல். அவர்கள் கப்பல் கோழிக்கோட்டுப் பக்கம் வந்ததே 1498இல். அப்பர் ஏழாம் நூற்றாண்டிலேயே இந்தப் பேரைச் சொல்லிப் பாடிவிட்டார். சொல்லின் வயசையும் ஊரின் வயசையும் பக்கத்தில் வைத்தால் பாதிச் சண்டை தீரும்.

நம்முடைய பாதிரி ஒரு மரம். பாடலீஸ்வரர் கோயிலின் தலமரம். எண்ணெய் ஊற்றுகிற புனல் மாதிரி பூக்கும், மணக்கும். வடமொழியில் அதுதான் பாடலம். சாமி பேரும் அதிலிருந்துதான். பாட்னாவின் பழைய பேரான பாடலிபுத்திரத்துக்கும் இதே மரத்தைத்தான் காரணம் சொல்வார்கள். அப்பர் சமணத்தில் சேர்ந்த இடத்தைப் பெரியபுராணம் 'பாடலிபுத்திரம்' என்கிறது. பீகாருக்கு டிக்கெட் எடுக்க வேண்டாம், அது இந்த ஊர்தான்.

புலிக்கு, புலிக்கால் முனிவர் வியாக்கிரபாதர் கதை. சிதம்பரத்துப் பெரும்பற்றப்புலியூருக்கும் அவரேதான். காட்டில் நிஜப் புலியே திரிந்திருக்கும் என்பது என் கட்சி. குருக்களிடம் சொல்லமாட்டேன்.

பார்த்தவுடன் புரிகிற பேரைத்தான் அதிகம் சந்தேகப்பட வேண்டும். கடலூர், கடல் இருக்கிறது, முடிந்தது என்பார்கள். பழைய பேர் கூடலூர். கெடிலமும் உப்பனாறும் கூடுகிற இடம். கடல் பக்கத்திலேயே இருந்ததால் 'கூ' குறுகி 'க' ஆனது யாருக்கும் உறுத்தவில்லை.

அதற்காகக் கதையெல்லாம் பொய் என்று தள்ளிவிடாதீர்கள். எங்கள் குண்டு சாலையைக் கேட்டால் சிரிப்பீர்கள். 1690இல் ஆங்கிலக் கம்பெனி மராட்டியரிடம் தேவனாம்பட்டினம் கோட்டையை வாங்கியபோது, பீரங்கிக் குண்டு போய் விழுகிற தூரம் வரை நிலமும் சேர்த்தி என்று பேச்சு. நாலு பக்கமும் சுட்டார்கள். உள்ளே அகப்பட்டவை குண்டு கிராமங்கள். எல்லைக்கல் நட்டு, சங்கிலி போட்டு அளந்து எழுதிய எனக்கு இன்னும் வயிற்றெரிச்சல்தான்.