ஆற்றுக் கொள்ளையும் அயல்நாட்டு அதிகாரியும்: சிங் காலத்துக் கடிதங்களைப் படிக்கும் முறை

ஆற்றுக் கொள்ளையை அடக்குவது குறித்துச் சீனாவை ஆண்ட சிங் வம்ச அரசும் பிரிட்டனும் எழுதிக்கொண்ட கடிதங்களைப் படிக்க உட்காருபவர், கொள்ளையரின் எண்ணிக்கையைக் குறித்துக்கொண்டு போனால் விரைவில் வழி தவறிவிடுவார். முதலில் தேட வேண்டியது, அமர்த்தப்படும் அயல்நாட்டு அதிகாரி யாருடைய உத்தரவுக்குக் கட்டுப்படுவார் என்பதையே.

சீனாவும் பிரிட்டனும் செய்துகொண்ட 1858ஆம் ஆண்டின் தியான்ஜின் உடன்படிக்கையைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அதன் 19ஆவது பிரிவு, பிரிட்டிஷ் வணிகக் கப்பலைக் கொள்ளையிட்டவரைப் பிடித்துத் தண்டிக்கும் பொறுப்பைச் சீன அதிகாரிகளிடமே விடுகிறது. 52ஆவது பிரிவோ, கொள்ளையரைத் துரத்தும் பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் சீனத் துறைமுகங்களுக்குள் வர வழிவிடுகிறது. துறைமுகத்துக்குள் நுழைவதும் ஆற்றில் ரோந்து சுற்றுவதும் ஒன்றல்ல என்று ஓரத்தில் எழுதி வையுங்கள், பின்னால் உதவும்.

அடுத்து, 1863ஆம் ஆண்டின் லே-ஆஸ்பர்ன் கப்பற்படை விவகாரத்தை நிதானமாகப் படியுங்கள். சிங் அரசை எதிர்த்த தைப்பிங் கிளர்ச்சியையும் கொள்ளையையும் ஒடுக்கச் சீனப் பணத்தில் வாங்கிய அந்தக் கப்பல்களின் பிரிட்டிஷ் தளபதி ஷெரார்ட் ஆஸ்பர்ன், பேரரசரின் ஆணை சீனச் சுங்கத்துறையின் தலைவரான பிரிட்டிஷ்காரர் ஹொரேஷியோ லேயின் வழியாக வந்தால் மட்டுமே ஏற்பார் என்றும், நியாயமாகத் தோன்றாத ஆணையை லே அனுப்பாமல் நிறுத்தலாம் என்றும் இருவரும் ஒப்பந்தம் எழுதிக்கொண்டார்கள். பணம் கொடுப்பவருக்கு ஆணையிடும் உரிமை இல்லாத ஏற்பாடு இது. சிங் அரசின் வெளியுறவைக் கவனித்த இளவரசர் கோங் இதை ஏற்க மறுத்ததில் வியப்பேதும் இல்லை. அந்த ஆண்டு முடிவதற்குள் படை கலைக்கப்பட்டது, லேயும் சுங்கத் தலைமைப் பதவியை இழந்தார்.

இந்தப் பாடத்தோடு தென்சீனாவின் மேற்கு ஆற்றுக்கு வாருங்கள். 1906 ஜூலையில் சாய்னாம் என்ற நீராவிக் கப்பல் தாக்கப்பட்டு, அதில் பயணித்த ஆங்கிலேய மருத்துவப் பாதிரியார் ஒருவர் கொல்லப்பட்டார். 1907இன் இறுதியில் பிரிட்டிஷ் பீரங்கிப் படகுகள் ஆற்றில் ரோந்து தொடங்கின. ரோந்தைச் சீனச் சுங்கத்துறையிடம் ஒப்படைக்கும் யோசனையும் அப்போது பேசப்பட்டது. இங்கே வேகத்தைக் குறையுங்கள். சுங்க ஆணையர் சிங் அரசிடம் சம்பளம் வாங்கும் ஊழியர், ஆனால் வெளிநாட்டவர். தலைநகர் பீகிங்கில் இருந்த சிங் அரசின் கண்ணில் இது தன் துறைக்குள் செய்யும் ஏற்பாடு. தென்சீனத் துறைமுக நகரமான கான்டனில் அதே ஆண்டு சுயாட்சிச் சங்கம் அமைத்துக் கொதித்தெழுந்த வணிகர்களுக்கோ, கொள்ளையரைப் பிடிக்கும் உரிமையை அந்நியரிடம் தாரைவார்ப்பது.

ஆகவே ஒவ்வொரு கடிதத்திலும் அந்த ஆணையர் எந்தப் பெயரால் குறிக்கப்படுகிறார் என்பதை அடிக்கோடிட்டு, அருகில் எழுதியவரின் ஊரையும் குறித்துக்கொண்டே படியுங்கள்.